பாழ் என்று பெயர் வாங்கிய கடல்

இன்னைக்கு எபிசோடு ஒரு பெயரைப் பற்றி.

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் நகரத்துக்கு வடமேற்கே, டெசொலேஷன் சவுண்ட் என்று ஒரு கடற்பகுதி இருக்கிறது. இந்த ‘சவுண்ட்’ சத்தம் இல்லை. நிலத்துக்குள் நுழைந்து கிடக்கிற அகலமான கடல்நீர்ப் பரப்புக்கு அந்தப் பெயர். ‘டெசொலேஷன்’ என்றால் ஆள் அரவமே இல்லாத வெறுமை. நம்ம வாயில் வர்ற மாதிரி சொன்னா, பாழ்ங்கடல்.

இப்போ அந்த இடத்தின் போட்டோக்களை ஒரு தடவை தேடிப் பாருங்க. தண்ணீரிலிருந்து நேராக எழும்புகிற மலைகள், உச்சியில் பனி, அடிவரைக்கும் பச்சை. கோடையில் தண்ணீரின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டும். அந்தக் கரையில் வேறெங்கும் குளிருக்குப் பயந்து கால் வைக்கத் தயங்குகிறவர்கள் இங்கே நீந்துகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சில விரிகுடாக்களில் நங்கூரம் போட இடம் பிடிப்பதே பெரிய பாடு. 1973இல் மாகாண அரசு இதைக் கடல் பூங்காவாகவே அறிவித்துவிட்டது.

இவ்வளவு அழகான இடத்துக்குப் பாழ் என்று பெயர் வைத்தது யார்? எதைப் பார்த்து வைத்தார்? எதைப் பார்க்காமல் வைத்தார்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடினால், ஒரு டிரெய்லரில் கட்டி இழுத்துப் போகிற அளவுக்குச் சின்னதான படகுகளிடம் போய் நிற்போம். அதுதான் இன்னைக்குக் கதை.

கப்பலால் முடியாத வேலை

பெயர் வைத்தவர் ஜார்ஜ் வான்கூவர். நகரத்துக்குப் பெயர் வந்தது இவரால்தான். 1757இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பதின்வயதிலேயே கடற்படையில் சேர்ந்து, ஜேம்ஸ் குக்கின் இரண்டாவது, மூன்றாவது பயணங்களில் கூடவே போய் வேலை கற்றவர். 1791 ஏப்ரலில் டிஸ்கவரி, சாத்தம் என்ற இரண்டு கப்பல்களோடு பிரிட்டனிலிருந்து கிளம்பினார்.

அவருக்கு இரண்டு வேலை கொடுத்திருந்தார்கள். ஒன்று, நூட்கா என்ற துறைமுகத்தை வைத்து ஸ்பெயினோடு இருந்த தகராறில் பிரிட்டன் சார்பாகப் பேசி முடிப்பது. இன்னொன்று, வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அளந்து வரைபடம் போடுவது. இந்த இரண்டாவது வேலைக்குப் பின்னால் ஒரு பெரிய ஆசை இருந்தது. பசிபிக்கிலிருந்து அட்லாண்டிக்குக்குக் கண்டத்தின் ஊடாக ஒரு கடல்வழி இருக்கிறதா? இருந்தால் வியாபாரமே மாறிவிடும். இல்லையென்றால் இல்லை என்று அடித்துச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டும்.

டெஸ்டிங் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த வலி தெரியும். ஒரு விஷயம் இருக்கிறது என்று நிரூபிக்க ஒரு தடவை பார்த்தால் போதும். இல்லை என்று நிரூபிக்க எல்லா இடத்தையும் பார்த்தாக வேண்டும்.

அந்தக் கரை எப்படிப்பட்டது? பனியாறுகள் குடைந்து விட்டுப் போன பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்த கரை. ஃபியோர்டு என்பார்கள். ஒவ்வொன்றும் மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து பல பத்து கிலோமீட்டர் உள்ளே போகும். அதில் ஒன்றான ஜெர்விஸ் இன்லெட்டில் ஆழம் 700 மீட்டருக்கும் மேல். மலைச்சரிவு தண்ணீருக்குக் கீழேயும் அதே செங்குத்தில் இறங்குவதால், கரைக்குப் பக்கத்தில் வந்த பிறகும் நங்கூரம் தரையைத் தொடாது. காற்றோ மலை இடுக்கில் மாட்டிக்கொண்டு ஒன்று நேரே முகத்தில் அடிக்கும், இல்லையென்றால் அடியோடு நின்றுவிடும். பாயை நம்பி ஓடும் சுமார் 100 அடி நீளக் கப்பல், அதில் ஏறக்குறைய 100 ஆட்கள். இந்தச் சந்துக்குள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் வான்கூவர் ஒரு முறையைக் கையாண்டார். கப்பலைப் பாதுகாப்பான ஒரு விரிகுடாவில் நிறுத்துவது. கப்பல் மேலேயே ஏற்றிக் கொண்டுவந்த திறந்த படகுகளை இறக்குவது. ஒரு வாரம், பத்து நாளுக்கான சாப்பாட்டை ஏற்றுவது. காற்று இருந்தால் பாய், இல்லையென்றால் துடுப்பு. ராத்திரி கரையில் கூடாரம். இடம் கிடைக்காவிட்டால் படகிலேயே தூக்கம். மேலே கூரை கிடையாது. அந்த ஊர் மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஆக, இன்றைக்கு நாம் பார்க்கும் அந்தக் கரையின் முதல் விரிவான ஆங்கில வரைபடம் பெரிய கப்பலில் இருந்து வரையப்பட்டது கிடையாது. இன்னொன்றின் முதுகில் ஏறி வந்து, தேவைப்பட்ட இடத்தில் தண்ணீரில் இறக்கப்பட்ட சின்னப் படகுகளின் கைவேலை அது. 1792, 1793, 1794 என மூன்று கோடைகாலம் இது நடந்தது. அந்தப் படகுகள் துடுப்பிலும் பாயிலும் கடந்த தூரம் மொத்தமாகச் சுமார் 10,000 மைல் என்று கணக்கிடுகிறார்கள்.

வலது கையைச் சுவரில் வை

அளந்த முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கட்டளை எளிமையானது: கண்டத்தின் கரையை விடாதே. தெற்கிலிருந்து வடக்கே போகிறார்கள், கண்டம் கிழக்கே இருக்கிறது. அதாவது கரை எப்போதும் வலது கைப் பக்கம்.

காலேஜில் மேஸ் தீர்க்கிற ரோபோ செஞ்சவங்க இப்போ சிரிப்பீங்க. வலது கையைச் சுவரில் வைத்துக்கொண்டே நட. எந்தச் சந்து வந்தாலும் உள்ளே போ. முட்டுச்சந்து என்றால் சுவரைத் தொட்டபடியே திரும்பி வா. இன்டர்வியூவில் கேட்கிற டெப்த் ஃபர்ஸ்ட் சர்ச்சும் இதுக்குச் சொந்தக்காரன்தான். குறுக்கு வழி கிடையாது, ‘இது மூடித்தான் இருக்கும்’ என்ற ஊகத்துக்கும் இடம் கிடையாது. ஒவ்வொரு கடற்கழியின் கடைசி வரைக்கும் போய், அங்கே ஒரு ஆற்றின் சேற்றையோ பாறைச்சுவரையோ கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்பணும்.

1792 ஜூனில் நடந்த ஒரு சுற்றை மட்டும் பார்ப்போம். கப்பல்கள் பிர்ச் பே என்ற விரிகுடாவில் நிற்கின்றன. வான்கூவர் ஒரு படகிலும், லெப்டினன்ட் பீட்டர் புஜெட் இன்னொரு படகிலும் கிளம்புகிறார்கள். இன்றைக்கு வான்கூவர் நகரம் இருக்கும் பர்ரார்ட் இன்லெட்டுக்குள் ஜூன் 13 அன்று நுழைகிறார்கள். அங்கே சுமார் 50 பேர் தோணிகளில் வந்து, மீன் கொடுத்து, மரியாதையாக நடந்துகொண்டார்கள் என்று வான்கூவர் குறித்திருக்கிறார். பிறகு ஹோ சவுண்ட். பிறகு நான் சொன்ன ஜெர்விஸ் இன்லெட், கடைசி வரை. அதுவும் முட்டுச்சந்து. திரும்பினார்கள். 11 நாளில் 330 மைலுக்கு மேல் போனதாக அவரே கணக்கு சொல்கிறார். கையில் இருந்ததோ ஒரு வாரச் சாப்பாடு.

ஜூன் 22. களைத்துப்போய்க் கப்பலுக்குத் திரும்பும் வழியில் முன்னால் இரண்டு பாய்மரக் கப்பல்கள். பக்கத்தில் போனால் ஸ்பெயின் கொடி! சூட்டில், மெக்சிகானா என்ற இரண்டு சிறிய கப்பல்கள். தலைவர்கள் காலியானோ, வால்டெஸ். வான்கூவர் யாரும் பார்க்காத கரை என்று நினைத்து வரைந்துகொண்டிருந்த பகுதியில் ஸ்பானியர்கள் முந்தைய வருடமே புகுந்து படம் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தைக் காட்டவும் செய்தார்கள். அன்றைக்கு வான்கூவருக்கு 35ஆவது பிறந்தநாள் வேறு.

சண்டை வரவில்லை. இரண்டு தரப்பும் படங்களைப் பகிர்ந்துகொண்டு சேர்ந்தே வடக்கே போனார்கள். ஜூன் கடைசியில் நான்கு கப்பல்களும் வந்து நின்ற இடம்தான் நம்ம கதையின் இடம்.

தண்ணீர் சொன்ன ரகசியம்

அங்கே கிட்டத்தட்ட மூன்று வாரம். நங்கூரத்துக்கு நல்ல தரை கிடைக்கவில்லை. மழை. வலை போட்டால் மீன் சிக்கவில்லை. கண்ணுக்கு இனிமையாக ஒன்றுமில்லை, பறவைகூட இல்லை, காடு இருண்டு கிடக்கிறது என்ற தொனியில் வான்கூவர் எழுதுகிறார். டெசொலேஷன் என்ற பெயர் அந்த மனநிலையில் விழுந்தது.

ஆனால் அதே மூன்று வாரத்தில்தான் அந்த வருடத்தின் பெரிய கண்டுபிடிப்பும் நடந்தது. ஜேம்ஸ் ஜான்ஸ்டோன் என்ற அதிகாரி படகில் வடமேற்கே போனார். அங்கே கடல் ஏற்றம் வடக்கிலிருந்து வருவதைக் கவனித்தார். இதை யோசிச்சுப் பாருங்க. இதுவரை ஏற்றம் அவர்களுக்குத் தெற்கிலிருந்து, அவர்கள் நுழைந்து வந்த ஹுவான் டி ஃபூக்கா நீரிணை வழியாக வந்தது. இங்கே எதிர்த்திசையிலிருந்து வருகிறது என்றால், அந்தப் பக்கமும் பெருங்கடலுக்கு ஒரு வாசல் இருக்க வேண்டும். அப்படியென்றால் இடது கைப் பக்கம் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டு வந்த நிலம் கண்டத்தின் பகுதி இல்லை, ஒரு தீவு! இன்றைக்கு அதன் பெயர் வான்கூவர் தீவு. ஜான்ஸ்டோன் கண்டுபிடித்த வழிக்கு ஜான்ஸ்டோன் நீரிணை.

இன்னொரு விஷயம் கேளுங்க. தீவின் தெற்கு முனையைச் சுற்றி வரும் ஏற்றமும் வடக்கு முனையைச் சுற்றி வரும் ஏற்றமும் சந்திப்பது இந்தப் பக்கத்தில்தான். இரண்டு பக்கமும் தள்ளுவதால் தண்ணீர் மட்டம் நன்றாக ஏறி இறங்கும். ஆனால் நீரோட்டம் பெரிதாக இருக்காது. குளிர்ந்த ஆழ்நீர் கலக்காததால் மேல்நீர் வெயிலில் சூடாகிறது. இன்றைக்கு டூரிஸ்ட்டுகள் நீந்த வருவதும், அன்றைக்கு ஜான்ஸ்டோன் தீவைக் கண்டுபிடித்ததும் ஒரே இயற்பியலால்.

வெறும் ஊர்கள்

இனி பெயருக்கு வருவோம். ‘பாழ்’ என்று தோன்ற மழையும் இருட்டும் மட்டும் காரணம் இல்லை. அந்தப் பயணம் முழுக்க வான்கூவரின் ஆட்கள் கைவிடப்பட்ட ஊர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். தெற்கே டிஸ்கவரி விரிகுடா பக்கத்தில் மண்டையோடுகளும் எலும்புகளும் கரையில் சிதறிக் கிடந்தன. உயிரோடு சந்தித்த சிலரின் முகத்தில் தழும்புகள். சிலருக்கு ஒரு கண் இல்லை. பெரியம்மை வந்து போயிருக்கிறது என்று அவர்களுக்கே புரிந்தது.

1770களின் இறுதியில் மெக்சிகோவில் வெடித்த பெரியம்மை, குதிரை வியாபாரப் பாதைகளில் ஆள் மாற்றி ஆள் தொற்றி, 1782 வாக்கில் இந்தக் கரையை எட்டியது என்று வரலாற்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதாவது வான்கூவர் வருவதற்குப் பத்து வருடம் முன்னால். ஐரோப்பிய மனிதர்களுக்கு முன்னாலேயே அவர்களுடைய நோய் வந்து சேர்ந்துவிட்டது. எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லாத மக்களிடையே அது என்ன செய்திருக்கும் என்று கோவிட் பார்த்த நம்ம தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. ‘முதல் சந்திப்பு’ என்று பாடப்புத்தகம் சொல்வது, உண்மையில் ஒரு பேரழிவு முடிந்து பத்து வருடம் கழித்து நடந்த சந்திப்பு.

ஆனால் எல்லா வெறும் ஊருக்கும் பெரியம்மையையே காரணம் சொல்லிவிட முடியாது. டெசொலேஷன் சவுண்டிலேயே ஒரு ஊர் அகப்பட்டது. எளிதில் ஏற முடியாத பாறை மேல் இருந்த ஊர். ஆள் இல்லை. உள்ளே போன மாலுமிகளைத் தெள்ளுப்பூச்சிகள் மொய்த்துக்கொண்டன. கடித்த கடியில் ஓடிப்போய்க் கழுத்தளவு தண்ணீரில் நின்றும் போகவில்லையாம். கப்பலின் தாவரவியலாளர் ஆர்ச்சிபால்ட் மென்சீஸும் அந்த ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இந்தத் தெள்ளுப்பூச்சியை நான் ஒரு லாக் ஃபைல் மாதிரி பார்க்கிறேன். பல வருடம் ஆள் இல்லாத வீட்டில் இத்தனை பூச்சி உயிரோடு இருக்காது. அதுக்கு ரத்தம் வேண்டும். சமீபத்தில்தான் அங்கே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். அப்புறம் எங்கே போனார்கள்?

இந்த நிலப்பகுதி க்லஹூஸ், ட்லாமின், ஹோமால்கோ என்ற மூன்று மக்களுடையது. அவர்களுடைய வாழ்க்கை பருவத்தோடு நகர்வது. குளிர்காலத்தில் பெரிய ஊர்களில் கூடுவார்கள். சடங்கும் விருந்தும் கதையும் அப்போதுதான். வசந்தமும் கோடையும் வந்தால் குடும்பம் குடும்பமாகப் பிரிந்து மீன் ஓடும் ஆறுகளுக்கும் கிளிஞ்சல் கரைகளுக்கும் பழம் பழுக்கும் சரிவுகளுக்கும் போய்விடுவார்கள். வீட்டின் மரப்பலகைகளைக்கூடக் கழற்றித் தோணியில் கொண்டுபோகும் வழக்கம் இந்தக் கரையில் உண்டு. அந்தப் பாறை ஊரை ஏன் ஏற முடியாத இடத்தில் கட்டினார்கள் என்றும் கேட்கணும். வடக்கிலிருந்து தாக்க வருகிறவர்களிடமிருந்து காத்துக்கொள்ள அப்படி இடம் தேடியிருக்கலாம்.

ஆக மூன்று காரணம்: நோய், பகை, பருவம். வான்கூவர் வந்தது ஜூனில். குளிர்கால ஊரைக் கோடையில் பார்த்தவருக்கு அது பாழடைந்த ஊராகத்தான் தெரியும். பொங்கல் லீவில் சென்னைத் தெருவைப் பார்த்துவிட்டு ‘இந்த நகரத்தில் ஆட்களே இல்லை’ என்று எழுதி வைத்த மாதிரி. அளவு துல்லியம். கேள்வி கேட்ட மாதம்தான் தப்பு.

இந்த இடத்தில் வான்கூவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. அவர் வேலை கரையின் கோட்டை வரைவது. அதை அசாத்தியமாகச் செய்தார். ஆனால் கோட்டோடு சேர்த்து அவர் எழுதிய ஒரு சொல், அவருடைய மூன்று வாரச் சலிப்பு, ஒரு மக்களின் வீட்டுக்கு நிரந்தர முகவரியாகிவிட்டது. ஆள் இல்லாத நிலம் என்று வரைபடமே சொல்லும்போது, பின்னால் வருகிறவர் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. 1862இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கப்பலில் மறுபடியும் பெரியம்மை விக்டோரியாவுக்கு வந்தது. அங்கே தங்கியிருந்த பூர்வகுடி மக்களை அதிகாரிகள் ஊரைவிட்டுத் துரத்த, நோய் அவர்களோடு தோணியில் வடக்கே போனது. கரை நெடுக ஊர்கள் காலியாயின. வெறுமை என்ற சொல் இரண்டாவது தடவை உண்மையாக்கப்பட்டது என்றே சொல்வேன்.

ஸ்பானியர்கள் பக்கத்திலும் ஒரு பெயர்க் கதை உண்டு. பக்கத்துக் கடற்கழி ஒன்றில் வால்டெஸ், கோலங்கள் வரையப்பட்ட ஒரு மரப்பலகையைப் பார்த்தார். அதனால் ‘டாப்லா’, அதாவது பலகை, என்று பெயர் வைத்தார்கள். படம் நகலெடுக்கும்போது அது ‘டோபா’ ஆகிவிட்டது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். இன்றைக்கும் அது டோபா இன்லெட்தான். இந்த விளக்கம் சரியென்றால், யாரோ ஒருவர் தீட்டிய ஓவியத்தின் கடைசித் தடயம் ஒரு எழுத்துப்பிழைக்குள் இருக்கிறது.

டிரெய்லரில் வந்த படகு

சரி, நிகழ்காலத்துக்கு வருவோம். சியாட்டிலில் வேலை பார்த்த இரண்டு வருடத்தில், ஒரு கோடையில் கூட வேலை பார்த்த நண்பரின் 26 அடிப் பாய்மரப் படகில் ஆறு நாள் இந்தப் பக்கம் போனேன். படகைப் பிக்அப் டிரக்குக்குப் பின்னால் டிரெய்லரில் கட்டி, பாய்மரத்தைப் படுக்க வைத்துக் கட்டி, நெடுஞ்சாலையில் இழுத்துப் போவோம். வான்கூவரிலிருந்து வடக்கே சாலை நேராகப் போகாது. நடுவில் கடற்கழிகள் குறுக்கே வரும். இரண்டு ஃபெரி ஏறணும். இரண்டாவது ஃபெரி கடப்பது எதை என்று நினைக்கிறீங்க? வான்கூவர் துடுப்புப் போட்டு முட்டுச்சந்து என்று கண்டுபிடித்த அதே ஜெர்விஸ் இன்லெட்டைத்தான்.

இந்த டிரெய்லர் படகுகளின் இன்ஜினியரிங் அழகானது. பாய்மரப் படகு காற்றில் கவிழாமல் இருக்க அடியில் எடை வேண்டும். ஆனால் அந்த எடையைச் சாலையில் இழுக்கக் கூடாது. அதனால் கலிபோர்னியாவில் தயாரான மேக்ரெகர் 26 மாதிரியான படகுகளில் அடியில் ஒரு தொட்டி இருக்கும். கடலில் இறக்கியதும் வால்வைத் திறந்தால் 500 கிலோவுக்கு மேல் கடல்நீரே உள்ளே வந்து எடையாகிவிடும். கரையேறும்போது வழிந்து போய்விடும். தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லையே என்று கேட்கலாம். சரியான கேள்வி. படகு சாய்ந்து, தொட்டியின் ஒரு பக்கம் நீர்மட்டத்துக்கு மேலே எழும்பும்போதுதான் அந்த எடை வேலை செய்து படகைக் கீழே இழுக்கும். அடியில் இருக்கும் பலகையையும் மேலே தூக்கிக்கொள்ளலாம். தூக்கிவிட்டால் முழங்கால் அளவுத் தண்ணீர் போதும்.

ஓக்கோவர் என்ற இடத்தில் படகை இறக்கினோம். அங்கிருந்து மலஸ்பினா இன்லெட் வழியாகத்தான் வெளியே போகணும். பெரிய யாட்டுகள் விரிகுடா நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும். எங்களால் கரையை ஒட்டியே போக முடிந்தது. அடித்தரை சட்டென்று ஆழமாவதால், முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்னால் ஒரு கயிற்றைக் கரையிலிருக்கும் மரத்தில் கட்டுவது இங்கே வழக்கம். கயிறு கட்ட யாராவது கரைக்குப் போயாகணும். அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

மலஸ்பினா இன்லெட்டுக்குள் கிரேஸ் ஹார்பர் என்று ஒரு ஒதுங்கிய துறை. பூங்காவின் அழகான நங்கூர இடங்களில் ஒன்று. இது அந்த மூன்று மக்களும் கூடிய குளிர்கால ஊர். அவர்கள் மொழியில் இதற்கு வேறு பெயர், நீண்ட நினைவு. கரையில் காலடியில் மண் வெள்ளையாக நொறுங்கியது. குனிந்து பார்த்தால் மண் இல்லை, கிளிஞ்சல் ஓட்டின் உடைசல். தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுப் போட்ட ஓடுகள் சேர்ந்து கரையாகவே ஆகியிருக்கிறது. வீடு இருந்த இடத்தில் மரம் வளர்ந்துவிட்டது. சமையலறை மட்டும் அப்படியே இருக்கிறது. இவை சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள தொல்லியல் இடங்கள். ஒரு ஓட்டைக்கூட எடுத்து வரக் கூடாது. நாங்களும் எடுக்கவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் பக்கத்துத் தீவுகளில் இருக்கிறது. மிகத் தாழ்ந்த வற்றத்தின்போது மட்டும் கரையோரம் ஒரு தாழ்ந்த கல்வரிசை வெளியே தெரியும். 1990களில் விமானத்தில் கரையை ஆராய்ந்தவர்கள் இந்த வரிசைகள் இயற்கையானவை இல்லை என்று கவனித்தார்கள். பூர்வகுடி மூத்தவர்களிடம் கேட்டபோது, அவர்களுக்கு அதற்குப் பெயரே இருந்தது. அவை கிளிஞ்சல் தோட்டங்கள். தாழ்நீர்க் கோட்டில் கல்லைச் சுவராக அடுக்கினால், பின்னால் மணல் சேர்ந்து சமதளமாகும். கிளிஞ்சலுக்குப் பிடித்த ஆழத்தில் இடம் அதிகமாகும். சுவர் இல்லாத கரையைவிட இங்கே கிளிஞ்சல் அதிகமாக வளர்வதை ஆய்வுகள் காட்டின. குவாட்ரா தீவில் சில சுவர்களுக்கு வயது 3,500 வருடம்.

3,500 வருடம் பழுதுபார்த்துப் பராமரித்த சிஸ்டம்! அதுக்குப் பக்கத்தில்தான் நான்கு கப்பல்கள் நின்றுகொண்டு ‘இங்கே சாப்பிட ஒன்றுமில்லை’ என்று எழுதின. அடுத்த வருடம், 1793 ஜூனில், இன்னும் வடக்கே வான்கூவரின் மாலுமிகள் சிலர் கடற்சிப்பி சாப்பிட்டார்கள். பாசியிலிருந்து சிப்பியில் சேரும் நஞ்சு, சமைத்தாலும் போகாது. ஜான் கார்ட்டர் என்ற மாலுமி சில மணி நேரத்தில் இறந்துபோனார். அந்தத் துறைக்கு நஞ்சுத் துறை என்றே பெயர் வைத்தார் வான்கூவர். இன்றைக்கும் அங்கே சிப்பி பறிக்கும் முன் அரசு எந்தக் கரையை மூடியிருக்கிறது என்று போனில் பார்த்துக்கொள்ளணும். எதை, எங்கே, எப்போது சாப்பிடலாம் என்ற அறிவு அந்தக் கரையில் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

பெயர் மாறுமா?

சில இடங்களில் மாறிக்கொண்டிருக்கிறது. ட்லாமின் மக்களின் ஒப்பந்தம் 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, அவர்கள் தங்களைத் தாங்களே ஆள்கிறார்கள். அந்த வட்டாரத்தின் உள்ளாட்சி அமைப்பு 2018இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. ட்லாமின் மூத்தவர்கள் கொடுத்த ‘கத்தெத்’ என்ற பெயர், சேர்ந்து உழைக்கிற மக்கள் என்ற பொருளில். டெசொலேஷன் சவுண்ட் மட்டும் இன்னும் டெசொலேஷன் சவுண்டாகவே இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், அந்த இடத்தின் அமைதியை ரசிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி அந்தத் தண்ணீரில் துடுப்பைப் போட்டால் நீல வெளிச்சம் சிதறும். அதைப் பார்த்துவிட்டு ரசிக்காமல் இருக்க முடியாது. ஆனால் ‘மனிதர் கால் படாத இயற்கை’ என்று டூரிஸ்ட் பிரசுரத்தில் படித்தால் மட்டும் கொஞ்சம் நில்லுங்க. அந்த அமைதியில் ஒரு பகுதி மலையும் கடலும் தந்தது. இன்னொரு பகுதி, அங்கே இருந்தவர்கள் இல்லாமல் போனதால் வந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பக்கத்துத் தீவிலும் கரையிலும் இன்னைக்கும் இருக்காங்க. அவங்களைக் கேட்டா அது பாழ் இல்லை, ஊர்.

அடுத்த தடவை எங்கேயாவது டிரிப் போகும்போது மேப்பில் ஒரு பெயரை அழுத்திப் பாருங்க. யார் வைத்தது, எந்த வருடம், முக்கியமா எந்த மாதம்? அப்படி உங்களுக்குச் சிக்கின ஒரு பெயரை எனக்கு அனுப்புங்க; நல்லா இருந்தா அடுத்த எபிசோடில் பேசுவோம். அதுவரைக்கும், வர்றேன் மக்களே!